பழுதுள்ள சரக்கும் யூதர்களின் வாணிப நீதியும்

ஒரு பொருளை விலை கொடுத்து வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த பின்னர் அதில் பழுது இருப்பது தெரியவந்தால் நஷ்டம் யாரைச் சார்வது? விற்றவரையா, வாங்கியவரையா? நெசவாளரும் பயிர்த்தொழில் செய்வோரும் இக்கேள்விக்கு அவசரப்பட்டு விடை கூறிவிட இயலாது. நூலையும் சாயத்தையும் விதையையும் மாட்டையும் அவர்கள் வாங்குகிறார்கள். துணியையும் தானியத்தையும் விற்கிறார்கள். வாங்குபவர் பக்கமாகவே நியாயத்தைச் சாய்த்தால் மறுநாள் விற்பவராக நிற்கும்போது அடி நம் மீதே விழும்.

மேல்நாட்டு வாணிபத்தில் நெடுங்காலம் ஓங்கி நின்ற கொள்கை, வாங்குபவன்தான் விழிப்பாயிருக்க வேண்டும் என்பது. நம் நாட்டில் 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும் தன் 16ஆம் பிரிவைத் தொடங்கும்போது, சரக்கின் தரத்துக்கு விற்பவர் உள்ளூர உத்தரவாதம் அளித்ததாகக் கொள்வதில்லை என்ற பொது விதியை முன்வைத்து, அதற்குப் பிறகே விலக்குகளைக் கூறுகிறது. யூதர்களின் பழைய சட்டமோ இதற்கு நேர்மாறான இடத்திலிருந்து தொடங்குகிறது. வாங்குகின்ற எவரும் பழுதற்ற பொருளையே வாங்குகிறார் என்பது அதன் அடிப்படை. பழுது இருந்தால் அந்தக் கிரயமே பிழைபட்ட கிரயம். இதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘மெகஹ் தாஊத்’. பிழையால் நேர்ந்த கொள்முதல் என்று பொருள்படும்.

இச்சட்டம் எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வேர், மோசேயின் ஐந்து ஆகமங்களாகிய தோரா. லேவியராகமத்தின் 25ஆம் அதிகாரம் விற்பதிலும் வாங்குவதிலும் ஒருவரையொருவர் வஞ்சித்தலாகாது என்கிறது. 19ஆம் அதிகாரம் தராசும் படியும் நேராயிருக்க வேண்டும் என்கிறது. இவற்றைச் சுற்றி வளர்ந்த வாய்மொழி மரபை, கி.பி. 200ஆம் ஆண்டை ஒட்டி ரபி யூதா ஹநாசி என்பவர் மிஷ்னா என்னும் நூலாகத் தொகுத்தார். மிஷ்னாவின் மேல் பாபிலோனியக் கல்விக்கூடங்களில் நிகழ்ந்த வாதப் பிரதிவாதங்கள் தால்முத் ஆயின. கொடுக்கல் வாங்கல் பற்றிய செய்திகள் பெரும்பாலும் ‘நடு வாயில்’, ‘கடைசி வாயில்’ என்ற பொருள்படும் இரண்டு பகுதிகளில் உள்ளன. இத்தனையையும் ஒழுங்குபடுத்திச் சட்ட நூலாக எழுதியவர், கோர்தோபாவில் 1138இல் பிறந்து எகிப்தில் மருத்துவராக வாழ்ந்து 1204இல் மறைந்த மைமோனிதீஸ். பின்னர் யோசேப்பு காரோ என்பவர் சாபெத் நகரில் 1563இல் முடித்து, 1565இல் வெனிஸ் நகரில் அச்சேறிய ‘ஷுல்ஹான் ஆரூக்’ என்ற நூலே இன்றளவும் யூத நீதிமான்கள் முதலில் புரட்டிப் பார்ப்பது.

விலையில் நேரும் வஞ்சனை வேறு, பொருளில் உள்ள பழுது வேறு என்று இச்சட்டம் பிரித்துக் கொள்கிறது. முன்னதற்கு ‘ஓனாஆ’ என்று பெயர். அக்காலத்தில் ஒரு செலா நாணயத்துக்கு இருபத்துநான்கு வெள்ளிக்காசுகள். அதில் நான்கு காசு, அதாவது ஆறில் ஒரு பங்கு, சந்தை விலைக்கு மேல் வாங்கிவிட்டால் அது வஞ்சனை. ஆறில் ஒரு பங்குக்குக் குறைவாயின் அதைப் பொறுத்துக்கொண்டதாகவே கருதுவர். சரியாக ஆறில் ஒரு பங்காயின் கிரயம் நிற்கும், மிகுதிப் பணத்தைத் திருப்ப வேண்டும். அதற்கும் மேற்பட்டால் வஞ்சிக்கப்பட்டவர் கிரயத்தையே தள்ளிவிடலாம். இதற்குக் கால எல்லையும் உண்டு. வாங்கியவர் சரக்கை வேறொரு வணிகரிடமோ தம் உறவினரிடமோ காட்டி விலை விசாரிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரந்தான்.

இந்த எல்லையைப் பற்றி மிஷ்னாவிலேயே ஒரு செய்தி இருக்கிறது. லோத் என்னும் ஊரில் ரபி தார்போன், ஆறில் ஒரு பங்கு என்பதை மூன்றில் ஒரு பங்காக உயர்த்தித் தீர்ப்புக் கூறினார். அவ்வூர் வணிகர்கள் மகிழ்ந்தனர். இனி இரட்டிப்பு இலாபம் வைக்கலாம் அல்லவா? உடனே அவர், ஆனால் சரக்கைத் திருப்பித் தரும் உரிமை நாள் முழுவதும் உண்டு என்று சேர்த்துக் கூறினார். வணிகர்களின் மகிழ்ச்சி அத்துடன் மறைந்தது. எங்களை இருந்தபடியே விட்டுவிடுங்கள் என்று வேண்டிக்கொண்டு, பழைய அறிஞர்களின் விதிக்கே திரும்பிவிட்டார்களாம். கூடுதல் இலாபத்தை விட, விற்ற சரக்கு மாலைக்குள் திரும்பி வருமோ என்ற கவலை பெரிதென்பது கடை வைத்திருந்த எவருக்கும் விளங்கும்.

வஞ்சனை விற்பவருக்கும் நேரலாம். சரக்கின் மதிப்பு அறியாமல் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டவர் காலங் கடந்தும் முறையிடலாம் என்று விதித்தார்கள். காரணம் எளியது. வாங்கியவர் கையில் சரக்கு இருக்கிறது. எடுத்துக் காட்டி விசாரிக்கலாம். விற்றவர் கையில் காட்ட ஒன்றும் இல்லை. தறியிலிருந்து அறுத்த சேலையை அன்றே விற்றுவிட்டு வெறுங்கையுடன் திரும்பும் நெசவாளியின் நிலையை உணர்ந்தவர்கள் செய்த விதி போலவே இது தோன்றுகிறது.

இதில் தந்திரம் செய்ய முயன்ற ஒருவரின் கதையையும் தால்முத் குறித்து வைத்திருக்கிறது. ஒருவர் பட்டு நாடாக்களை விற்க வைத்திருந்தார். ஆறு என்று விலை கூறினார், மதிப்போ ஐந்து. ஐந்தரை கொடுத்தால் தந்துவிடுவார். வாங்க வந்தவர் கணக்குப் போட்டார்: ஐந்தரைக்கு வாங்கினால் மிகுதி அற்பமானதென்று சட்டம் தள்ளிவிடும், ஆறு முழுவதையும் கொடுத்துவிட்டு வழக்காடினால் ஒன்றைத் திரும்பப் பெறலாம். அவ்வாறே வாங்கி, ராவா என்ற நீதிமானிடம் சென்றார். ராவா, இந்த விதி வணிகரிடம் வாங்குவதற்கே பொருந்தும், தன் வீட்டுப் பொருளை விற்கும் குடும்பத்தாரிடம் வாங்கியதற்குப் பொருந்தாது என்று கூறி அனுப்பிவிட்டார். தான் புழங்கும் பொருள் தனக்கு அருமையானது. அதனை அதிக விலை கிடைத்தாலன்றி ஒருவன் விற்கமாட்டான் என்பது கருத்து.

விற்பவர் தம் கொள்முதல் விலையை உள்ளபடி கூறி, இவ்வளவு எனக்கு இலாபம் என்று வெளிப்படையாகச் சொல்லி விற்றாலும் விலை வஞ்சனை என்ற பேச்சுக்கு இடமில்லை. நம்பிக்கையின் பேரில் நடத்தும் வாணிபம் என்று இதனைக் குறிப்பர். நிலத்துக்கும் இந்த ஆறில் ஒரு பங்குக் கணக்கு இல்லை. ஆனால் அளவு, எடை, எண்ணிக்கை ஆகியவற்றில் குறை நேர்ந்தால் சலுகையே கிடையாது. ஆறில் ஒரு பங்கு வேண்டாம், எள்ளளவு குறைந்தாலும், எத்தனை நாள் கழிந்தாலும், குறையை ஈடு செய்தே தீர வேண்டும். நூறு காய் என்று சொல்லித் தொண்ணூற்றொன்பது கொடுத்தவரிடம் பேரத்துக்கு என்ன இருக்கிறது? சில்லறைக் கடைக்காரர் படிகளை வாரத்துக்கு இருமுறையும் எடைக்கற்களை வாரத்துக்கு ஒருமுறையும் துடைக்க வேண்டும், தராசுத் தட்டை ஒவ்வொரு நிறுவைக்குப் பின்னும் துடைக்க வேண்டும் என்று மிஷ்னா விதிப்பதும் இதனால்தான். ஒட்டிக்கொண்ட பிசுக்கு வாங்குபவர் பங்கைத் தின்றுவிடும்.

இனிப் பொருளின் தன்மைக்கு வருவோம். கோதுமையை வைத்து மிஷ்னா நான்கு நிலைகளை வகுக்கிறது. நல்ல கோதுமை என்று விற்று மட்டமானதாக இருந்தால் வாங்கியவர் பின்வாங்கலாம். மட்டம் என்று விற்று நல்லதாக இருந்தால் விற்றவர் பின்வாங்கலாம். சொன்னபடியே இருந்தால் இருவரும் பின்வாங்க முடியாது. நான்காவது நிலை சற்று ஆழ்ந்து நோக்கத் தக்கது. செந்நிறக் கோதுமை என்று பேசி வெண்ணிறக் கோதுமை வந்தால், ஒலிவ மரம் என்று பேசி அத்தி இன மரம் வந்தால், திராட்சை மது என்று பேசிக் காடி வந்தால், இருவரில் எவர் வேண்டுமானாலும் பின்வாங்கலாம். முதல் இரண்டு நிலைகளில் பேசிய பொருள்தான் கைமாறியது, தரத்தில் ஏமாற்றம். ஆகவே ஏமாந்தவருக்கு மட்டும் உரிமை. கடைசி நிலையில் பேசிய பொருளே கைமாறவில்லை. எனவே கிரயமே நடக்கவில்லை என்று கொள்வர். காடியின் விலை மதுவின் விலையை மிஞ்சினாலும் சரியே. காடி விரும்புவோரும் உளர், மது விரும்புவோரும் உளர்.

ஆனால் மண்ணில் விளையும் பொருளில் நூற்றுக்கு நூறு சுத்தத்தை எவரும் எதிர்பார்க்க முடியாது. இதையும் அவ்வறிஞர்கள் மறக்கவில்லை. தானியம் வாங்குபவர் ஒரு செயா அளவுக்குக் கால் காப் தூசு தும்பை ஏற்க வேண்டும். ஒரு செயா ஆறு காப் ஆதலால் இது இருபத்துநான்கில் ஒரு பங்கு ஆகிறது. அத்திப்பழம் வாங்குபவர் நூற்றுக்குப் பத்துப் புழுப்பட்டதை ஏற்க வேண்டும். மதுக் கிடங்கை மொத்தமாக வாங்குபவர் நூறு ஜாடிக்குப் பத்து ஜாடி புளிப்பேறியதை ஏற்க வேண்டும். விளைவிப்பவரைக் காக்கும் இவ்விதிகள் இல்லையேல், விலை இறங்கிய மறுநாளே ஒரு புழுவைக் காட்டி முழுவண்டிச் சரக்கையும் திருப்பி அனுப்பும் வியாபாரிகள் பெருகியிருப்பார்கள்.

இந்த எல்லைக்கு அப்பாற்பட்டதே பழுது. எது பழுது, எது பழுதன்று என்பதற்கு மைமோனிதீஸ் நீண்ட பட்டியல் ஒன்றை எழுதிவிடவில்லை. அந்நாட்டு மக்கள் எதனைத் திருப்பித் தரத்தக்க குறையென்று வழக்கமாகக் கருதுகிறார்களோ அது பழுது, கருதாதது பழுதன்று, வாங்கி விற்கும் யாவரும் ஊர் வழக்கத்தை நம்பியே வாங்கி விற்கிறார்கள் என்றார். ஒரு சந்தையில் நூல் முடிச்சு பொருட்படுத்தப்படாது. மற்றொரு சந்தையில் அதற்காகவே துணி தள்ளப்படும். அவ்விரண்டுக்கும் ஒரே அளவுகோலை ஓர் ஏட்டிலிருந்து விதித்தால் இரண்டிடத்திலும் அநியாயம் நேரும்.

பழுது மறைந்திருந்து பின்னர் வெளிப்பட்டால், பல ஆண்டுகள் கழிந்திருப்பினும் திருப்பித் தரலாம். விலை வஞ்சனைக்குச் சில மணி நேரமே தந்த சட்டம், பழுதுக்கு இத்தனை தாராளம் காட்டுவதற்குக் காரணம் உண்டு. விலையை அன்றே விசாரிக்கலாம். உள்ளே மறைந்த பழுது தானாக வெளிப்படும்போதுதான் தெரியும். ஆனால் இதற்கு உறுதியான ஒரு நிபந்தனை உண்டு. பழுது தெரிந்த பிறகு அப்பொருளைப் பயன்படுத்தியிருக்கக் கூடாது. தெரிந்தும் பயன்படுத்தினால் பொறுத்துக்கொண்டதாகவே பொருள். மைமோனிதீஸின் நூலுக்கு உரை எழுதிய, 14ஆம் நூற்றாண்டு ஸ்பெயின் நாட்டவரான விடால் என்பவர் இன்னும் ஒரு படி கடந்து, வாங்கிய உடனே சோதித்துப் பார்க்கக்கூடிய பழுதைச் சோதிக்காமல் விட்டவருக்கும் உரிமை இல்லை என்றார். பின்வந்த அறிஞர் பலர் இதனை ஏற்கவில்லை. விற்பவர் சொல்லை நம்பியதற்காக ஒருவரைத் தண்டிப்பது எவ்வாறு என்பதே எதிர்ப்பின் சாரம். எதிர்த்தவர்கள் பக்கமே நியாயம் மிகுதி என்பது என் எண்ணம்.

பழுதுக்கு ஈடாகக் கொஞ்சம் விலை குறைத்துக் கொடுத்து முடித்துவிடலாமே என்று விற்பவர் கூறுவது உலக வழக்கம். யூத சட்டம் அதனை ஒப்புவதில்லை. பத்துத் தீனார் பெறும் ஒரு பாத்திரத்தில், ஒரு செப்புக்காசு அளவே மதிப்பைக் குறைக்கும் பழுது இருந்தாலும், இதோ அந்தக் காசு என்று விற்றவர் நீட்ட முடியாது; முழுமையான பொருளே எனக்கு வேண்டும் என்று வாங்கியவர் கூறலாம். அதே வேளையில், பொருளையும் வைத்துக்கொண்டு காசையும் திருப்பிக் கொடு என்று வாங்கியவர் வற்புறுத்தவும் முடியாது. உள்ளபடி எடுத்துக்கொள், அல்லது பொருளைத் தந்து பணத்தைப் பெற்றுக்கொள் என்று விற்றவர் சொல்லிவிடலாம். இருவரும் மனமொப்பிக் குறைத்துக்கொண்டால் அது வேறு செய்தி.

நீக்கிவிடக்கூடிய குறைக்கு மட்டும் ஒரு தனி வழி வகுக்கப்பட்டது. ஜெர்மனியிலிருந்து ஸ்பெயினுக்குக் குடிபெயர்ந்து தொலேதோ நகரில் 1327இல் மறைந்த ஆஷேர் பென் யெஹியேல் என்ற நீதிமானிடம் ஒரு வழக்கு வந்தது. வேற்றூரில் இருந்த ஒரு வீட்டை ஒருவர் விற்றார். கிரயம் நடப்பதற்கு முன்னரே முரடர் சிலர் அவ்வீட்டில் புகுந்து கதவு சன்னல்களை உடைத்துச் சுவர்களைப் புகையால் கறுக்கச் செய்திருந்தனர். இருவருக்கும் அது தெரியாது. வாங்கியவர் கிரயத்தைத் தள்ள வேண்டினார். செப்பனிட்டால் பழைய நிலைக்கு வந்துவிடும் குறை இது, வீடு வீடாகவே இருக்கிறது. ஆகவே செப்பனிடும் செலவை விற்றவர் கழித்துக் கொடுக்க வேண்டும், கிரயம் நிற்கும் என்று தீர்ப்பாயிற்று. சுவரே இடிந்திருந்தால் தீர்ப்பு மாறியிருக்கும். புதிதாகக் கட்டியெழுப்பும் வீடு அவர் வாங்கிய வீடாகாது.

நெசவாளர் கூர்ந்து கவனிக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. ஒருவர் துணி வாங்கிச் சட்டைக்காக வெட்டிவிட்டார். வெட்டிய பிறகுதான் துணியில் பழுது தெரிந்தது. வெட்டிய துணியை எவ்வாறு திருப்புவது? வெட்டிய துண்டுகளையே திருப்பித் தந்து முழுப் பணத்தையும் பெறலாம் என்கிறது சட்டம். துணி வெட்டித் தைப்பதற்கே வாங்கப்படுவது. வாங்கியவர் செய்தது வழக்கமான செயல். வெட்டித் தைத்தும் விட்டார், அதனால் துணியின் மதிப்பு உயர்ந்தது என்றால், உயர்ந்த மதிப்பையும் விற்றவரிடம் பெறுவார். ஆனால் வழக்கத்துக்கு மாறான ஒரு காரியத்தைச் செய்து, புதிதாக ஒரு சேதத்தை உண்டாக்கியிருந்தால், அந்தச் சேதத்தின் மதிப்பை அவர் கொடுத்தாக வேண்டும்.

சரக்கை வெளியூருக்கு அனுப்பும்போது நேரும் தகராறையும் ஷுல்ஹான் ஆரூக் தொட்டுச் செல்கிறது. இச்சரக்கை இன்ன ஊருக்குக் கொண்டுபோகிறேன் என்று வாங்குபவர் முன்னரே சொல்லியிருந்தால், அங்கே போன பின்பு பழுது வெளிப்படும்போது, சரக்கை இங்கே கொண்டுவந்து கொடு என்று விற்றவர் கேட்க முடியாது. பணத்தைத் திருப்பித் தந்துவிட்டு, சரக்கை மீட்கும் பாட்டை விற்றவரே பட வேண்டும். போகுமிடத்தைச் சொல்லாமல் கொண்டுபோயிருந்தால், விற்றவர் கையில் திரும்பச் சேர்க்கும் வரையில் பொறுப்பு வாங்கியவருடையது. ஒரு வாக்கியம் சொல்வதா விடுவதா என்பதில் வண்டிக்கூலி முழுவதும் கைமாறுகிறது!

இத்தனை பொறுப்பையும் ஒரே சொல்லால் உதறிவிட விற்பவருக்கு ஆசை எழாதா? எந்தப் பழுதானாலும் என்னிடம் திருப்பக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லி விற்றால் என்ன? மைமோனிதீஸ் இதைச் செல்லாது என்கிறார். ஒருவர் எதனைப் பொறுத்துக் கொள்கிறார் என்பது அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். தெரியாத ஒன்றைப் பொறுக்க முடியாது. ஆகவே இன்ன பழுது இதில் இருக்கிறது என்று பெயர் குறித்துச் சொல்லி, வாங்குபவர் அதனை ஏற்றிருக்க வேண்டும். அல்லது, இவ்வளவு தொகை வரையில் மதிப்பைக் குறைக்கும் எந்தப் பழுதும் எனக்குச் சம்மதம் என்று வாங்குபவர் அளவு குறித்திருக்க வேண்டும்.

பெயர் குறித்துச் சொல்வதிலும் ஒரு சூழ்ச்சி உண்டு. மாட்டை விற்பவர், இது குருடு, நொண்டி, கடிக்கும், படுத்துக்கொள்ளும் என்று வரிசையாக அடுக்குகிறார். பார்த்தால் மாடு குருடும் இல்லை, நொண்டியும் இல்லை. வாங்குபவர் சிரித்துக்கொண்டே ஓட்டிச் செல்கிறார். பிறகு ஏரில் பூட்டினால் படுத்துக்கொள்கிறது. நான் தான் சொன்னேனே என்கிறார் விற்றவர். இவ்வாதம் நிற்காது. கண்ணுக்குத் தெரிந்த குறைகள் பொய்யாயிருக்கக் கண்ட நான், இதுவும் பொய்யே என்று எண்ணிவிட்டேன் என்று வாங்கியவர் கூறலாம், கிரயம் பிழைபட்டதே. பத்துப் பொய்க்கு நடுவே ஓர் உண்மையை ஒளித்துவைப்பது உண்மை சொன்னதாகாது. மாட்டுத் தாம்பணிக்குப் போய்வந்தவர்களுக்கு இவ்விதியின் அருமை புரியும்.

மாட்டைப் பற்றிய வழக்குகள் இன்னும் சில. முட்டும் பழக்கமுள்ள மாடு ஒன்று விற்கப்பட்டது. மாடு வாங்குவோரில் பெரும்பாலோர் உழவுக்கே வாங்குகின்றனர், ஆதலால் இது பிழைபட்ட கிரயம் என்றார் ராவ். கறிக்கென்று விற்றேன் என விற்றவர் கூறலாமே என்றார் ஷ்முவேல். மூன்றாம் நூற்றாண்டுப் பாபிலோனியாவின் இருபெரும் அறிஞர்கள் இவர்கள். பண வழக்கில் பெரும்பான்மை வழக்கத்தை மட்டும் காட்டி ஒருவர் கையிலுள்ள பணத்தைப் பிடுங்க முடியாது என்ற ஷ்முவேலின் கருத்தே நிலைத்தது. ஆனால் வாங்கியவர் உழவுக்கு மட்டுமே மாடு வாங்குபவர் என்பது விற்றவருக்குத் தெரிந்திருந்தால் அந்தச் சாக்குச் செல்லாது. எதற்காக வாங்குகிறோம் என்று வாய் திறந்து சொல்லிவிடுவதன் பயன் இங்கே தெரிகிறது.

கடைவாய்ப் பற்கள் இல்லாத மாட்டை ஒருவர் அறியாமல் வாங்கினார். தம் மற்ற மாடுகளோடு சேர்த்துத் தீனி வைத்தார். கூட்டத்தில் இது ஒன்று தின்னாததைக் கவனிக்கவில்லை. மாடு பசியால் இறந்தது. செத்த மாட்டைத் திருப்பித் தந்து பணத்தைப் பெறலாம் என்பது விதி. ஆனால் விற்றவர் ஒரு தரகராயின் நிலை வேறு. ஒருவரிடம் வாங்கி உடனே மற்றொருவரிடம் விற்று, மாட்டைத் தம்மிடம் நிறுத்திவைக்காத அவர், இந்தக் குறை எனக்குத் தெரியாது என்று சத்தியம் செய்துவிட்டு விடுபடலாம். மாடு உயிரோடிருக்கும்போதே வாங்கியவர் தனியே நிறுத்திச் சோதித்துத் திருப்பியிருந்தால், தரகரும் முதல் சொந்தக்காரரிடம் திருப்பியிருப்பார் அல்லவா? இடையில் நின்று கைமாற்றிவிடுபவரிடம் சரக்கு வாங்கும்போது வாங்குபவரின் விழிப்பு கூடுதலாக வேண்டும் என்பதை இச்சட்டமும் ஒப்புக்கொள்கிறது.

பழுது விற்பனைக்கு முன்பே இருந்ததா, பின்னர் நேர்ந்ததா என்பதே பல வழக்குகளில் முடிச்சு. கசாப்புக்காரர் மாட்டை வாங்கி அறுத்துப் பார்க்கையில் இரண்டாம் இரைப்பையின் சுவரைத் துளைத்து ஊசி ஒன்று நிற்கிறது. அத்தகைய மாட்டின் இறைச்சி யூதர்களுக்கு விலக்கு. ஊசி எப்போது உள்ளே போயிற்று? புண்ணின் வாயில் பொருக்குக் கட்டியிருந்தால், அறுப்பதற்குக் குறைந்தது மூன்று நாள் முன்னரே துளைத்தது என்று தீர்மானிப்பர். மாடு அதற்குப் பிறகு கைமாறியிருந்தால் நஷ்டம் விற்றவருடையது. பொருக்குக் கட்டவில்லையாயின், எவர் மற்றவரிடமிருந்து பணம் பெற முயல்கிறாரோ அவரே சான்று காட்ட வேண்டும். கசாப்புக்காரர் பணத்தைக் கொடுத்துவிட்டிருந்தால் பாரம் அவர் தலையில். இன்னும் கொடுக்காமல் இருந்தால் விற்றவர் தலையில்.

சரக்கை அழகுபடுத்தி விற்கலாமா என்பது நெசவுத் தொழிலுக்கு நெருங்கிய கேள்வி. பழைய பாண்டங்களுக்கு வண்ணம் பூசுவதும், பயறு நிரம்பிய கலத்தின் மேற்புறத்தை மட்டும் புடைத்துச் சுத்தமாக்கி வைப்பதும் கண்ணை மயக்குவதாகும் என்று மிஷ்னா தடுக்கிறது. விற்பனைக்கு முன் மாட்டுக்குத் தவிட்டு நீர் புகட்டிப் பருக்கச் செய்வதும் அவ்வாறே. ஆனால் மேலாடைக்குக் குஞ்சம் கட்டுவதை ஷ்முவேல் அனுமதித்தார். மெல்லிய துணியைத் தேய்த்து மெருகேற்றுவதை ராவ் யூதா அனுமதித்தார். முரட்டுத் துணியைத் தட்டி நேர்த்தியாக்குவதை ராபா அனுமதித்தார். இவை ஒன்றுக்கொன்று முரண் அல்லவா என்ற கேள்விக்குத் தால்முத் தரும் விடை இரண்டே சொல்: ஒன்று புதியதற்கு, மற்றது பழையதற்கு. புதிய துணிக்கு மெருகேற்றுவது உள்ள அழகை எடுத்துக்காட்டுவது. பழையதைப் பூசிப் புதியது போலாக்குவது மோசடி. கஞ்சி போட்ட துணியைத் தண்ணீரில் நனைத்ததும் வலைபோல் ஆகிவிடுமானால் அது எந்தப் பக்கம் சேரும் என்பதைத் தொழில் தெரிந்தவர்களே கூறட்டும்.

செத்த மாட்டின் தோலில் தைத்த செருப்பை, அறுத்த மாட்டின் தோல் என்று சொல்லி விற்கலாகாது என்றும் ஒரு விதி உண்டு. ஏமாற்று என்பது ஒரு காரணம். பாம்பு தீண்டி இறந்த மாட்டின் தோலாயிருக்குமோ, நஞ்சு தங்கியிருக்குமோ என்ற அச்சம் மற்றொரு காரணம். இப்படி மனத்தை மயக்குவது யூதரல்லாதவரிடத்தும் கூடாது என்று ஷ்முவேல் கூறியிருக்கிறார்.

விதையைப் பற்றிய விதியைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம், அதில்தான் எனக்கு முழு உடன்பாடு இல்லாமை. தானியம் ஒன்றை விற்றார், வாங்கியவர் விதைத்தார், முளைக்கவில்லை. மிஷ்னாவின் பொது விதிப்படி விற்றவருக்குப் பொறுப்பு இல்லை. பெரும்பாலோர் விதைக்கவே வாங்கும் ஆளிவிதைக்குக் கூட இதே விதி. உண்ண வாங்கினாய் என்று எண்ணினேன் என்பது விற்றவரின் வாதம். உண்பதற்கு உதவாத தோட்ட விதைகளுக்கு மட்டும் விற்றவர் பொறுப்பு என்று ரபான் சிமியோன் பென் கமாலியேல் கூறினார். அத்தகைய விதையை வேறு எதற்காக ஒருவர் வாங்குவார்? மைமோனிதீஸும் இவ்வாறே எழுதி, விதைக்கவென்று வெளிப்படையாகச் சொல்லி வாங்கியிருந்தால் மற்றத் தானியத்துக்கும் பொறுப்பு உண்டு என்கிறார். சரி, பொறுப்பு எவ்வளவு? விதையின் விலை மட்டுமா, உழவும் எருவும் ஆள்கூலியுமா? தால்முத்தில் இரண்டு கருத்தும் பதிவாகியிருக்கின்றன. ஆனால் மைமோனிதீஸ் விலையைத் திருப்பித் தருவதுடன் நிறுத்துகிறார். முளைக்காத விதையால் இழப்பது விதையின் விலையை மட்டும் அன்று, ஒரு பருவத்தை. அதனை எந்தத் தொகையும் மீட்காது என்பது உண்மைதான். எனினும் செலவையாவது சேர்த்துக் கேட்ட அந்த மற்றைய குரல் தோற்றது பயிரிடுவோருக்கு நஷ்டமே.

இச்சட்டங்கள் இன்று எங்கே நடைமுறையில் உள்ளன? இஸ்ரேல் நாட்டில் திருமணம், மணவிலக்கு ஆகியவை ரபிகளின் நீதிமன்றங்களைச் சார்ந்தவை; வாணிபத்துக்கு 1968ஆம் ஆண்டின் விற்பனைச் சட்டமும் 1981ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் உள்ளன. அந்த விற்பனைச் சட்டம், சரக்கைப் பெற்றவர் அதனை உடனே சோதித்து, குறை கண்டதும் தாமதமின்றி விற்றவருக்கு அறிவிக்க வேண்டும் என்று விதிக்கிறது. பல ஆண்டு கழித்தும் திருப்பலாம் என்ற பழைய தாராளம் அதில் இல்லை. சட்டத்திலும் முன்தீர்ப்புகளிலும் விடை கிடைக்காத இடத்தில் யூத மரபின் சுதந்திரம், நீதி, சமாதானம் ஆகிய கொள்கைகளை நாட வேண்டும் என்று 1980இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. மற்ற நாடுகளில் வாழும் யூதர்கள் விரும்பினால் தம் வழக்கை மூவர் அமர்ந்த ‘பேத் தீன்’ என்னும் நீதிசபையிடம் மத்தியஸ்தத்துக்கு விடுகின்றனர். அங்கே அமர்ந்திருப்பவர்கள் ஷுல்ஹான் ஆரூக்கைப் புரட்டும்போதே, அந்த நாட்டு வாணிபச் சட்டம் என்ன கூறுகிறது என்பதையும் பார்க்கிறார்கள். அரசின் சட்டமும் சட்டமே என்று ஷ்முவேல் சொல்லிச் சென்றிருக்கிறார். அந்தச் சட்டத்தை நம்பி வாங்கி விற்கும் மக்களிடையே அதுவே ஊர் வழக்கமாகவும் ஆகிவிடுகிறது.